கார்டு பழசாயிடுச்சு

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் புரூஃப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாடநூல்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் வரிவரியாகப் படித்து, எங்கே தப்பு இருக்கிறது என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. மூன்றாம் மாடியில் அவளும் அவள் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். நான் அவர்களுக்குக் கீழ் வீடு. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது சந்திப்போம். இந்தக் கதையில் பெரும்பகுதியை அவள் எனக்கு அங்கே வைத்துத்தான் சொன்னாள், ஒரே நாளில் அல்ல, துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக.

அக்காவுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அம்மா இருந்தார். அம்மா போன பிறகு அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் நாலு கால் வைத்த நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அக்கா அலுவலகத்துக்குப் போவதை விட்டுவிட்டு, பக்கங்களை வீட்டுக்கே வரவழைத்துத் திருத்த ஆரம்பித்தாள். கூடத்தில் அப்பாவின் கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கம்ப்யூட்டர் மேசை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் கட்டிலில் இடிக்கும். அவள் நாளெல்லாம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அப்பா நாளெல்லாம் அவள் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"அவர் பேப்பர் படிக்கிறாரா, தூங்குறாரா, என்னைப் பாக்குறாரான்னு திரும்பாமலே எனக்குத் தெரியும்" என்று ஒருநாள் சொன்னாள். "மூச்சுச் சத்தம் மாறும்."

அப்பா தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கம்ப்யூட்டரை அவர்தான் துண்டு துண்டாக வாங்கிப் பூட்டினார். வைரஸ் தொல்லை இருக்காது, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டார். அதற்குப் பிறகு அதை அவரே பராமரித்தார். எதையாவது மாற்றினால், ஏன் மாற்றினேன் என்று அந்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்பு எழுதிவைப்பார். நிலையத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டிப் பழகிய கை.

ஒரு மழை நாளில் இடி இறங்கி, கம்ப்யூட்டரோடு கூடவே வந்திருந்த இணைய இணைப்புப் பகுதி கருகிப்போனது. அப்பா தனியாக ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகினார். கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை எப்படிக் கையாள்வது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறார்கள். இந்தக் கார்டுக்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்து வருவதில்லை. தனியாகத் தேடி எடுத்து ஏற்ற வேண்டும். அப்பா அதையும் செய்தார். ரொம்ப நாள் ஓடியது.

பிறகு ஒரு காலையில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தபோது இணையம் இல்லை. கெர்னல் என்று சொல்லப்படும் உள்பகுதி புதிதாக மாறியிருந்தது. பழைய டிரைவர் அதோடு ஒட்டவில்லை. புது டிரைவர் எடுக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். அக்காவுக்குத் தலை சுற்றியது. பக்கங்கள் அனுப்ப வேண்டிய நாள் வேறு. அப்பாவோ சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு தடவை அது நிஜமான கோளாறு. இதை அக்கா அழுத்திச் சொன்னாள். அப்பா பொய் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அவளை அடிக்கச் சொன்னார். கார்டு உள்ளே இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்த்தார்கள். தெரிந்தது. டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. தானாக ஏறாததைக் கட்டளை கொடுத்துக் கையால் ஏற்றச் சொன்னார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டர் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொன்னது. கடைசியில் அப்பாவுக்கு யோசனை வந்தது. கம்ப்யூட்டர் எழும்போது பழைய கெர்னலையே தேர்ந்தெடுத்து எழுப்பி, அதன் வழியாக இணையத்துக்குப் போய், புதியதற்கு வேண்டியதை இறக்கி, டிரைவரைத் திரும்பக் கட்டினார்கள். மறுபடி எழுப்பியபோது பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்கியது. அப்பா முக்காலியிலிருந்து எழுந்திருக்க மறந்து, சின்னப் பிள்ளை மாதிரி தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். தேநீரை அப்பாவே போட்டுக் கொண்டுவந்தார், பாதி வழியில் சிந்திவிட்டு.

அந்தச் சமயத்தில்தான் பதிப்பகத்திலிருந்து அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது, ரயிலில் ஒரு முழுப் பகல் பயணம். அங்கே புரூஃப் பார்க்கும் மெய்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டும், நேர்காணலுக்கு வருகிறீர்களா, திரை வழியாகவே பேசலாம் என்று கேட்டிருந்தார்கள். பேச்சோடு ஒரு தேர்வும் உண்டு. திரையில் பக்கங்களைக் கொடுப்பார்கள், அவர்கள் பார்க்கப் பார்க்கத் திருத்த வேண்டும்.

அக்கா அப்பாவிடம் சொன்னாள். நல்ல விஷயம்தானே, பேசிப் பார் என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நேர்காணல் அன்று காலையில் இணையம் இல்லை. அப்பா வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"கார்டு பழசாயிடுச்சு, பாப்பா. எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது."

கைபேசியில் பேசியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். வீட்டு இணையம் கம்பி வழியாகத்தான், வைஃபை கிடையாது; எங்கள் கட்டடத்தில் சமையலறை ஜன்னலை ஒட்டி நின்றால்தான் சிக்னல், அதுவும் இருமினால் போய்விடும். அவள் மொட்டை மாடிக்கு ஓடி முயன்றாள். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்துபோய்த் தெரிந்ததாம். வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாக எழுதினார்கள். அன்று சாயங்காலமே அப்பா உட்கார்ந்து என்னவோ செய்தார், இணையம் வந்துவிட்டது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாளாம். இதைச் சொல்லும்போது ஈரத் துணியைப் பிழிந்த கை அப்படியே நின்றது.

இரண்டாவது நேர்காணல் அன்றும் அதே கதை. இந்த முறை அப்பாவால் உடனே சரிசெய்ய முடியவில்லை. அன்றைய தினம் முழுக்க இருவரும் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நிதானமாக, பழைய கதைகள் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு கட்டளையாக அடிக்கச் சொன்னார். மழைக்காலத்தில் ஊருக்கே தொலைபேசி செத்துப்போனது, தான் கம்பத்தில் ஏறி நின்றது, இப்படி. அக்காவுக்கு எழுந்து எங்காவது ஓட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது? ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் சுவர், பக்கத்தில் முக்காலியில் அப்பா. அவர் எழுந்து வழி விட்டால்தான் அவள் நாற்காலியை விட்டு வெளியே வர முடியும். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். உடனே கதவுக்கு வெளியே சட்டத்தின் ரப்பர் கால்கள் இழுபடும் சத்தம் கேட்டது. "என்ன பாப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

புதுக் கார்டு வாங்கிவிடலாம் என்றாள். இந்த மாடல் மதர்போர்டுக்கு எல்லாக் கார்டும் ஒத்துவராது, பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார் அப்பா. மெக்கானிக்கை வரச் சொல்லலாம் என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளும் பேச்சை விட்டுவிட்டாள்.

பதிப்பகத்தார் பொறுமைசாலிகள். அவள் வேலை அவர்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு முறை பார்க்கலாம், இதுவும் நடக்காவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதினார்கள். அக்கா இந்தத் தடவை புத்திசாலித்தனமாக எதையும் செய்யவில்லை. நாளையும் நேரத்தையும் வழக்கம்போல அப்பாவிடம் சொன்னாள். மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு அப்பாவுக்கு உடற்பயிற்சி சிகிச்சை நாள். மருத்துவமனை வண்டி வந்து அழைத்துப் போகும், மத்தியானத்துக்கு மேல் கொண்டுவந்து விடும். காலையில் ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது, வாங்கி வா என்று அவளைக் கடைக்கு அனுப்பினார். அவள் வாங்கி வந்தாள். வண்டி வந்தது. படியில் இரண்டு பேர் அவரைத் தாங்கி இறக்கினார்கள். அக்கா மேலே வந்து கம்ப்யூட்டரை எழுப்பினாள். இணையம் இல்லை.

முதலில் அவள் அழுதாளாம். பிறகு எழுந்து கேபிளைக் கழற்றி மாட்டினாள். ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிந்தது. என் வீட்டுக்கு ஓடி வந்து, உங்களுக்கு இணையம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஆனால் டிவிக்கு மட்டும்தான், என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அப்போது அவள் முகத்தைப் பார்த்து, மேலே வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனாள்.

அப்பா பக்கத்தில் இல்லாமல் அந்தக் கறுப்புத் திரையை அவள் திறந்தது அதுதான் முதல் தடவை. கட்டளைகள் எல்லாம் விரலில் பழகியிருந்தன. கார்டு தெரிகிறதா? தெரிகிறது. டிரைவர் ஏறியிருக்கிறதா? இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் டிரைவராவது இருக்கிறதா? இருந்தது, இந்தக் கெர்னலுக்கென்றே கட்டியது. கையால் ஏற்றச் சொன்னாள். கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டது. அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் அப்பாவே சொல்லிவிட்டுப் போனது, அம்மாவின் பெயர். அடித்தாள். கம்ப்யூட்டர் எந்தப் பதிலும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. மேசைக்கு அடியில் பச்சை விளக்கு வந்துவிட்டது.

நேர்காணலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் மெய்ப்புப் பார்ப்பவள். சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஏறுகிற டிரைவர், தானாக ஏன் ஏறவில்லை? பழைய கார்டு என்றால் திணற வேண்டாமா, ஒரு குறையாவது சொல்ல வேண்டாமா? கம்ப்யூட்டர் எழும்போது எதையெல்லாம் ஏற்றக் கூடாது என்று எழுதிவைக்கிற கோப்பு ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அப்பா ஒருமுறை பழைய பிரிண்டருக்காக அதில் எழுதியதைப் பார்த்திருக்கிறாள். திறந்தாள். பிரிண்டர் வரி இருந்தது, மேலே அப்பாவின் குறிப்போடு. ஸ்பீக்கர் வரி இருந்தது, குறிப்போடு. கடைசியில் இந்தக் கார்டின் டிரைவர் பெயர் இருந்தது, ஏற்றாதே என்று. அதற்கு மேல் குறிப்பு எதுவும் இல்லை. கோப்பு கடைசியாக மாற்றப்பட்டது அன்று காலையில், அவள் பேட்டரி வாங்கப் போயிருந்தபோது.

கோபம் வரவில்லை என்றாள். கூச்சமாக இருந்ததாம். அப்பா உடை மாற்றும்போது தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டது போல. கோப்பை எதுவும் தொடாமல் மூடினாள். முகம் கழுவினாள். தலை வாரிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தாள்.

நேர்காணல் நன்றாகவே நடந்தது. இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் பேசினார்கள். திருத்தக் கொடுத்த பக்கம் ஆறாம் வகுப்பு அறிவியல். படத்தில் ஒரு அம்புக்குறி தவறான திசையைக் காட்டியதை அவள் எடுத்துச் சொன்னபோது பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில் படியில் பேச்சுக் குரல் கேட்டது. கதவு திறந்தது. ரப்பர் கால்கள் கூடத்துக்குள் இரண்டு இழுப்பு வந்து நின்றுவிட்டன. திரையின் மூலையில், தன் முகத்துக்குப் பின்னால், சட்டத்தைப் பிடித்தபடி நிற்கும் அப்பாவை அவள் பார்த்தாள். அவர் மெதுவாகத் திரும்பிச் சமையலறைக்குள் போனார். பேச்சு முடியும்வரை அங்கேயிருந்து ஒரு பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

முடித்துவிட்டுப் போனபோது அவர் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இடுப்புக்கு அது ஆகாது.

"நெட் வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு."

"எப்படி?"

"டிரைவர கையால ஏத்துனேன்." பிறகு சொன்னாள்: "அந்த வரிய நான் தொடலப்பா. அது அப்படியேதான் இருக்கு."

அப்பா மேடையில் இருந்த தம்ளரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு அதைத் திரும்பவும் எடுத்தார்.

"ஒரு தடவைதான்னு நெனச்சேன், பாப்பா" என்றார். "அப்புறம் நிறுத்த முடியல."

அவ்வளவுதான் பேசினார்கள். அவள் அவரைக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். சாப்பாடு போட்டாள். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் மேசைக்கு வந்து அந்த வரியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் தொடுவதை விட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அக்கா பதில் எழுதவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். இணையம் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது, அவளைத் தடுக்க யாரும் இல்லை. அப்பா அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை. தம்ளரைத் தானே கழுவினார். நான் பார்க்கப் போனபோது, சட்டத்தைப் பிடிக்காமல் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து காட்டினார், நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா அதைப் பார்க்காத மாதிரி திரையில் கண்ணை வைத்திருந்தாள்.

மாடியில் அவள் சொன்னாள்: "முன்னாடி இது கார்டு பிரச்சினைன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்ப ஒரு நிம்மதி இருந்துச்சு, தெரியுமா? சரியாயிட்டா போயிடலாம்னு. இப்ப அவர் எவ்வளவு பயந்து போயிருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச அப்புறம் எப்படிப் போறது?"

காய்ந்த துணியை மடித்துக் கொடுத்தேன்.

ஒருநாள் மத்தியானம் மேல் வீட்டிலிருந்து அவள் குரல் கேட்டது. அத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பா அவளிடம் கேட்காமல் தன் தங்கைக்கு, அக்காவின் அத்தைக்கு, போன் செய்து வரச் சொல்லிவிட்டார். சொந்த வீட்டில் தனியாக இருப்பவர், அவருக்கும் துணை ஆச்சு என்று. ஏற்பாடு எல்லாம் முடிந்துவிட்டது, நீ பெட்டி கட்டு பாப்பா என்று சொன்னாராம், அவள் முகத்தைப் பார்க்காமல், ஏதோ பெரிய பரிசு கொடுக்கிற மாதிரி. கோப்பைப் பார்த்த அன்று வராத கோபம் அப்போது வந்தது.

"பிடிச்சு வைக்கிறதும் நீங்க, விடறதும் நீங்களா?" என்று கேட்டாள். "நடுவுல நான்னு ஒருத்தி இல்லவே இல்லையா?"

அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், "நான் வேற என்ன செய்யணும்? நீ சொல்லு, கேக்குறேன்" என்றார்.

அவள் சொன்னாள். அத்தை வரட்டும், ஆனால் அத்தையிடம் நானே பேசுகிறேன். முதலில் ஒரு மாதம் போய்ப் பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் திரும்பி வருவேன், பிடித்தால் அங்கேயே இருப்பேன். இரண்டில் எது நடந்தாலும் அது உங்களால் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. நடைச் சட்டம் இல்லாமல் நடந்து காட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியானதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார். இடுப்பு பயங்கரமாக வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

அக்கா போனாள். அத்தை இரண்டு பெட்டிகளோடும் ஓயாத வாயோடும் வந்து சேர்ந்தார். சத்தம் என் வீடுவரை கேட்கும். பேப்பரை நிம்மதியாகப் படிக்க விடமாட்டேன் என்கிறாள் என்று அப்பா சமையலறை ஜன்னலை ஒட்டி நின்று போனில் மகளிடம் குறை சொல்வார். சண்டை போடுவதற்காவது ஆள் கிடைத்ததே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் இரண்டாகி, இரண்டு நாலானது. லீவில் வந்தபோது அக்கா சொன்னாள். விடுதி அறை சின்னதுதான், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு கூசுகிறதாம். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறாளாம். விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்கிறேன், ஆனால் இன்னும் ஒரு கால் இங்கேதான் இருக்கிறது என்றாள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ரொம்ப என்றாள். அதைச் சொல்லும்போது குரல் தணிந்தது, அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா தினமும் பேசுவார். என்ன சாப்பிட்டாய், மழையா, அத்தை என்ன செய்தாள் எல்லாம் முடிந்து, போனை வைக்கும் முன் எப்போது வருவாய் என்று கேட்பார். அவள் ஒரு தேதி சொல்வாள். சொன்ன தேதிக்கு வர முடியாமலும் போகும். அப்போது அடுத்த தேதி சொல்வாள். போன வாரம் ஒருநாள் அவர் பேச்சுக்கு நடுவிலேயே, இரு பாப்பா, பக்கத்து வீட்டு ஆள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

அக்கா அடுத்த நாள் என்னைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னாள். அவர் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே கேட்கவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தத் தேதி சொல்லலாம் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாளாம். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தீர்மானிக்காமல், தெருவில் இறங்கி நடந்தாளாம்.